வண்டியும் பேக்கரியும்: ஈஜிபுராவில் எது உள்ளூர்?

  

பெங்களூரு ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் சில மாதங்களுக்கு முன்பு ஹாட் டாக் விற்கும் தள்ளுவண்டி ஒன்று வந்து நின்றது. அதற்கு நேரெதிரே பல்லாண்டுகளாக ஓர் ஐயங்கார் பேக்கரி உள்ளது. மாலையில் அங்கே தேநீருக்குக் கூடும் ஆய்வு மாணவர்களிடையே, வண்டி வந்த முதல் வாரத்திலேயே கட்சி பிரிந்துவிட்டது. அமெரிக்கத் தின்பண்டம் வந்து நம் ஊர்ப் பன்னை விழுங்கிவிடும் என்பது ஒரு தரப்பு. பேக்கரிப் பன் மட்டும் எந்த ஊர்ச் சரக்கு என்பது மறுதரப்பு. சுவை பற்றித் தொடங்கிய பேச்சு, எது நம்முடையது என்ற கேள்வியில் போய் நின்றது. வரலாறு பயில்வோர் இக்கேள்வியைத் தேநீர்க் கடையிலேயே விட்டுவிடலாகாது என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பண்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பேக்கரியின் பெருமை இரண்டு பன்களில் உள்ளது. ஒன்று கார பன்: வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றை மாவோடு சேர்த்துப் பிசைந்து சுட்டது. மற்றொன்று பன் காங்கிரஸ்: இலேசான இனிப்புடைய பன்னைப் பிளந்து, வெண்ணெய் தடவி, மிளகாய்த்தூளும் பெருங்காயமும் சேர்த்து வறுத்த அரைக்கடலைப் பருப்பை உள்ளே திணித்துத் தருவது. மென்மை, நெய்ப்பு, நறுக்கென்ற கடி, காரம் ஆகிய நான்கும் ஒரே வாயில் கிடைக்கும். நின்றபடியே உண்ணலாம், கையில் ஒழுகாது.

வண்டியில் கிடைப்பது நீளவாக்கில் பிளந்த பன். கோழி சாசேஜைக் கல்லில் வெண்ணெய் விட்டு உருட்டி வாட்டி, பன்னில் கிடத்தி, வெங்காயமும் கடுகுச் சாஸும் தக்காளிச் சாஸும் மயோனைஸும் இடுகிறார்கள். சூடாக இருக்கும்வரை நன்றாயிருக்கிறது. ஆறினால் சாசேஜின் உப்பு மட்டுமே எஞ்சுகிறது. விலையோ பன் காங்கிரஸைப் போலப் பல மடங்கு. என் நாவின் தீர்ப்பைக் கேட்டால் பேக்கரிக்கே. ஆனால் என் நாவு அந்தப் பேக்கரியில் பழகிய நாவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழக்கம் நீதிபதியாக அமரும் வழக்கில் புதியவர் வெல்வது அரிது.

வண்டிக்காரரிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். முன்பு இருசக்கர வாகனத்தில் உணவு கொண்டுசேர்க்கும் வேலையில் இருந்தவர். “நான் இங்கயே பொறந்தவன். பேக்கரிக்காரருதான் ஹாசன்ல இருந்து வந்தவரு” என்று சிரித்தார். இச்சிரிப்பிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது. அமெரிக்கப் பண்டத்தை விற்பவர் ஈஜிபுராவில் பிறந்தவர். உள்ளூர்ப் பண்டத்தை விற்பவர் வெளியூரிலிருந்து வந்தவர். எனில் உள்ளூர்த்தன்மையை எதில் வைத்து அளப்பது? பண்டத்திலா, விற்பவரிலா, அவர்கள் நிற்கும் இடத்திலா?

1. பேக்கரியின் பூர்வீகம்

பெங்களூரில் ரொட்டியின் வரலாறு தண்டின் வரலாற்றோடு பிணைந்தது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மெண்ட் அமைத்தனர். மதராஸ் படையோடு தமிழ்ப் பேசும் சிப்பாய்களும் சமையற்காரர்களும் சலவைத் தொழிலாளரும் வணிகரும் வந்து குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர், நீலசந்திரா முதலிய பகுதிகளின் தமிழ் வாழ்வுக்கு அதுவே ஊற்றுக்கண். ரொட்டி அன்று வெள்ளைச் சிப்பாயின் உணவு. கோட்டையையும் பேட்டையையும் சார்ந்த பழைய நகரத்துக்கு அது அந்நியம். சாதி ஆசாரம் பேணியோருக்கு ஐயத்துக்குரியதும்கூட. புளித்த மாவு, முட்டை, யார் கை பட்டதோ என்ற அச்சம் ஆகியவை ரொட்டிக்கும் பேட்டைக்கும் இடையே நின்றன.

அந்த இடைவெளியைக் கடந்தது ஐயங்கார் பேக்கரி. 1898இல் ஹாசன் பகுதியிலிருந்து வந்த திருமலாச்சார் என்பவர் சிக்கபேட்டையில் தொடங்கிய ‘பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி’ இவ்வகையில் முதலாவதாக நினைவுகூரப்படுகிறது. ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து அடுதல் நுட்பத்தை அவர் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பின்னர் ஹாசன் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து உறவினர் உறவினராக வந்து கடைகள் வைத்தனர். 1953இல் விசுவேசுவரபுரத்தில் தோன்றிய வி.பி. பேக்கரி இன்றும் மக்கள் மொய்க்கும் இடம். முட்டையில்லாப் பண்டங்கள், மரக்கறி மட்டுமே கொண்ட பப்ஸ், மசாலா சேர்த்த ரொட்டி என்று பேட்டையின் நாவுக்கும் ஆசாரத்துக்கும் ஏற்ப ஐரோப்பிய ரொட்டி இங்கே உருமாறியது.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. ஹாசன் பகுதியின் ஹெப்பார் ஐயங்கார்களின் வீட்டுமொழி, கன்னடம் செறிந்து கலந்த ஒரு தமிழ் வழக்கு. இராமாநுசர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹொய்சள நாட்டுக்கு வந்து மேலுக்கோட்டையில் தங்கிய காலத்தோடு தம் முன்னோரின் வருகையை அவர்களது மரபு இணைக்கிறது. ஆக, கன்னட நகரத்தின் அடையாளமாக இன்று கொண்டாடப்படும் பேக்கரியைத் தோற்றுவித்தவர்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கிலிருந்து நகர்ந்த ஒரு சமூகத்தார். அவர்கள் வந்தவர்கள் என்பதை இன்று யாரும் நினைப்பதில்லை. காலம் அதனை மறக்கடித்துவிட்டது.

பெயர்ப்பலகையையும் பார்க்க வேண்டும். ‘ஐயங்கார்’ என்ற சொல் வெறும் குடும்பப் பெயராக அங்கே தொங்கவில்லை. யார் கை பட்டது என்ற அச்சத்துக்குத் தரப்பட்ட உறுதிமொழி அது. சென்னையில் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் நடத்தினார். பெங்களூரில் அத்தகைய கேள்வி எழாமலேயே அச்சொல் வணிகப் பெயராக உறைந்தது. இன்று ஐயங்கார் அல்லாதார் பலரும் அதே பெயரில் கடை நடத்துகின்றனர். சாதியின் உறுதிமொழி சுவையின் முத்திரையாக மாறியிருக்கிறது. நம் அன்புக்குரிய பழைய பண்டத்தின் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது என்பதை மறைத்துவிட்டுப் பழமையைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

2. மல்லாட்டையின் பயணம்

பன்னுக்குள்ளிருக்கும் கடலைக்கு வருவோம். வடார்க்காடு, தென்னார்க்காடு வட்டாரங்களில் நிலக்கடலைக்கு ‘மல்லாட்டை’ என்று பெயர்; ‘மணிலாக் கொட்டை’ என்பதன் மரூஉ. ஈஜிபுராவின் தமிழ் வீடுகளிலும் இச்சொல் இன்றும் புழங்குகிறது. தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர் பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலா வழியாகப் பயணப்பட்ட நினைவை ஒரு நாட்டுப்புறச் சொல் பாதுகாத்து வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு வயல்களில் விளைந்த கடலை, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியரால் வந்ததே. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று பெயரிட்டு அதனை நாம் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டோம்.

பெங்களூரின் பசவனகுடியில் கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டிக் ‘கடலேகாய் பரிஷே’ நடைபெறுகிறது. முதல் விளைச்சலை நந்திக்குப் படைத்த உழவர்களின் கதை அத்திருவிழாவோடு சொல்லப்படுகிறது. கடலையை வெளிநாட்டுப் பயிர் என்று அங்கே எவரும் கருதுவதில்லை. கருதத் தேவையுமில்லை.

‘காங்கிரஸ்’ என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1969 ஜூலையில் லால்பாக் கண்ணாடி மாளிகையில் அகில இந்தியக் காங்கிரஸ் குழு கூடியது. குடியரசுத் தலைவர் வேட்பாளர் குறித்த பூசல் அங்கே வெளிப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் கட்சி இரண்டாகப் பிளந்தது. இரண்டாகப் பிளந்த கடலைப் பருப்புக்கு ஊர் அதன் பெயரை வைத்தது என்பது செவிவழிச் செய்தி. ஆவணச் சான்றாக இதனை யாரும் மேற்கோள் காட்டலாகாது. எனினும் ஒரு நகரம் தன் தின்பண்டத்துக்குத் தன் அரசியல் நினைவைச் சூட்டி மகிழ்கிறது என்பதற்கு இக்கதையே சான்று.

ஐரோப்பியப் பன், தென் அமெரிக்கக் கடலை, அமெரிக்க மிளகாய், ஹாசனிலிருந்து வந்த கை, தேசியக் கட்சியின் பெயர்: இவை சேர்ந்ததே நம் உள்ளூர்ப் பண்டம்.

3. கோனி தீவில் இதே வழக்கு

ஹாட் டாக்கும் தான் பிறந்த ஊரில் ஒருகாலத்தில் வந்தேறிதான். நியூயார்க் நகரத்துக் கடற்கரையான கோனி தீவில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய சார்லஸ் ஃபெல்ட்மன் 1867இல் தள்ளுவண்டி ஒன்றில் தொடங்கினார். தட்டும் முட்கரண்டியும் இல்லாமல் மணலில் நின்றபடி உண்ணச் சாசேஜைப் பன்னுக்குள் வைத்துக் கொடுத்தார். வண்டி வளர்ந்து பெரும் உணவகமானது. அங்கே வேலை பார்த்தவர்களுள் ஒருவர் போலந்துப் பகுதியிலிருந்து வந்த யூதரான நேதன் ஹேண்ட்வெர்க்கர். 1916இல் அவரும் அவர் மனைவி ஐடாவும் அருகிலேயே சொந்தக் கடை திறந்தனர். ஃபெல்ட்மனில் பத்து சென்ட் விற்ற பண்டத்தை இவர்கள் ஐந்து சென்டுக்கு விற்றனர்.

புதிய கடைக்கும் பழைய விருப்பக் கடைக்கும் இடையிலான போட்டிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. மலிவாக விற்றால் இறைச்சியில் கலப்படம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்துக்கு அண்மைக் காலக் காரணமும் இருந்தது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அவலத்தைக் காட்டிய அப்டன் சின்கிளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் 1906இல் வெளிவந்து நாட்டையே உலுக்கியிருந்தது. இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் அவ்வாண்டே பிறந்தது. ‘ஹாட் டாக்’ என்ற பெயரே அதில் நாய்க்கறி கலந்திருக்கலாம் என்ற பழைய கேலியிலிருந்து வந்தது. 1895இலேயே யேல் பல்கலைக்கழக மாணவர் இதழில் இச்சொல் அச்சேறியிருந்தது. கேலிச்சித்திரக்காரர் ஒருவர் விளையாட்டரங்கில் உருவாக்கிய சொல் என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு ஆதாரமான சித்திரத்தை எவரும் கண்டதில்லை. நம் காங்கிரஸ் கடலையின் கதையை இங்கே நினைவுகூரலாம். மக்கள் விரும்பி உண்ணும் பண்டத்துக்கு ஒரு தோற்றக் கதை எப்படியும் முளைத்துவிடுகிறது.

வெள்ளை மேலங்கி அணிந்த ஆட்களைக் கடைமுன் நிறுத்தி, மருத்துவர்களே உண்கிறார்கள் என்ற தோற்றத்தை நேதன் உண்டாக்கினார் என்றும் சொல்வர். அந்த வெள்ளை அங்கியையும் ‘ஐயங்கார்’ என்ற பெயர்ப்பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிய உணவு எங்கும் தூய்மைக்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் அச்சான்றை மருத்துவத்திடம் கடன் வாங்கினர். நாம் சாதியிடம் வாங்கினோம்.

நேதன் வென்றதற்கு இன்னொரு காரணம் போக்குவரத்து. 1920இல் நகரத்துச் சுரங்க இரயில் கோனி தீவை எட்டியது. கட்டணம் ஐந்து சென்ட். ஐந்து சென்டில் வந்திறங்கிய தொழிலாளிக்கு ஐந்து சென்ட் உணவு காத்திருந்தது. ஃபெல்ட்மன் உணவகம் 1954இல் மூடப்பட்டது. நேதன் கடை இன்று அந்நகரத்தின் பழைய அடையாளமாகப் போற்றப்படுகிறது. புதியதாக வந்து பழையதைத் தோற்கடித்த கடை, தானே பழையதாகி நின்றது.

ஈஜிபுராவில் கணக்கு தலைகீழ். இங்கே புதியதே விலை உயர்ந்தது. கட்டடத் தொழிலாளியும் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களும் ஆட்டோ ஓட்டுநரும் பேக்கரிப் பக்கம் நிற்கிறார்கள். கோரமங்களாவின் மென்பொருள் அலுவலகங்களிலிருந்து திரும்பி, ஈஜிபுராவின் விடுதி அறைகளில் தங்கும் இளைஞர்கள் வண்டிப் பக்கம் நிற்கிறார்கள். நேதனின் கடை தொழிலாளியைத் தேடிப் போயிற்று. நம் தெருவின் வண்டி, தெருவில் புதிதாகக் குடியேறிய வருமானத்தைத் தேடி வந்திருக்கிறது. ஆகவே வண்டியைக் கண்டு பேக்கரி அஞ்ச வேண்டியதில்லை. வண்டியை வரவழைத்த வாடகை உயர்வைக் கண்டு அஞ்சலாம்.

4. பன்னாட்டு நிறுவனமும் தள்ளுவண்டியும்

அமெரிக்க உணவு என்றதும் பெங்களூரின் மூத்தோருக்கு 1995 நினைவுக்கு வரும். அவ்வாண்டு ஜூனில் பிரிகேட் சாலையில் கே.எஃப்.சி. தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. உணவில் மோனோசோடியம் குளூட்டமேட் அளவு மிகுதி என்று மாநகராட்சி அதனை மூட முயன்றது, வழக்கு நீதிமன்றம் சென்றது, கடை தொடர்ந்தது. 1996 ஜனவரி 30 அன்று பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரயத சங்கத்தினர் கடையைத் தாக்கினர். விதையிலிருந்து கோழித்தீவனம்வரை வேளாண்மையைப் பன்னாட்டு நிறுவனங்கள் கைப்பற்றும் என்ற அவர்களின் எச்சரிக்கையைத் தாக்குதலோடு சேர்த்துத் தள்ளிவிட இயலாது. அதில் ஆராயத்தக்க பொருள் இருந்தது.

ஆனால் அந்த வாதத்தை அப்படியே தூக்கிவந்து ஓர் எரிவாயு உருளையும் ஒரு கல்லும் கொண்ட தள்ளுவண்டியின்மேல் வைக்கலாமா? கே.எஃப்.சி. மூலதனத்தின் பயணம். தெருமுனை வண்டி ஒரு சொல்லின் பயணம் மட்டுமே. அச்சொல் இந்தியாவுக்குள் எத்தனை தூரம் உருமாறும் என்பதற்கு இந்தூர் நகரத்துச் ‘சப்பன் துகான்’ கடைத்தெருவிலுள்ள ஜானி ஹாட் டாக் கடையே சாட்சி. 1970களின் பிற்பகுதியிலிருந்து புகழ்பெற்ற அக்கடையின் ஹாட் டாக்கில் சாசேஜ் கிடையாது. வட்டப் பன்னுக்குள் ஆட்டிறைச்சி வடையோ உருளைக்கிழங்கு வடையோ இருக்கும். இந்தூர்க்காரரிடம் அது அமெரிக்கப் பண்டம் என்றால் நகைப்பார்.

எங்கள் தெரு வண்டிக்காரர் தொடக்கத்தில் நீளப் பன்னைச் சிவாஜிநகரிலிருந்து வாங்கிவந்தார். இப்போது எதிர்ப் பேக்கரியே அவருக்காகத் தினமும் சுட்டுத் தருகிறது. மாணவர்கள் கட்சி பிரிந்து வாதிட்டுக்கொண்டிருக்க, வணிகர் இருவரும் எப்போதோ ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டனர்.

5. விருப்பப் பட்டியலில் இல்லாதவர்கள்

‘பெங்களூரின் பிரியமான தின்பண்டங்கள்’ என்று செய்தித்தாள்கள் வெளியிடும் பட்டியல்களில் பேக்கரி தவறாமல் இடம்பெறும். ஈஜிபுரா, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் தெருக்களில் அந்தி சாய்ந்ததும் மணக்கும் மாட்டிறைச்சி வறுவலும் குடல் வறுவலும் அவற்றில் அருகியே காணப்படும். இப்பகுதித் தமிழ்த் தலித் குடும்பங்களுக்கும் முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களுக்கும் மலிவான புரதம் அதுவே. 2021இல் நடைமுறைக்கு வந்த கர்நாடகக் கால்நடை வதைத் தடைச் சட்டத்துக்குப் பிறகு அவ்வணிகம் மேலும் ஒடுங்கியது. கோழி சாசேஜ் தெருமுனையில் தலைநிமிர்ந்து நிற்கையில், அதைவிடப் பழைய இறைச்சிப் பண்டம் சந்துக்குள் ஒதுங்குகிறது. பழையது, புதியது என்ற அளவுகோலால் இதனை விளக்க முடியாது. எந்தப் பழமைக்கு ‘பாரம்பரியம்’ என்ற பெயர் கிட்டுகிறது, எதற்குக் கிட்டுவதில்லை என்று கேட்டால்தான் விளங்கும்.

6. நிற்க ஓர் இடம்

இனி நிலத்துக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் ஈஜிபுராவில் ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்பில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்காக மாநகராட்சி சுமார் 1,500 வீடுகள் கொண்ட அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. தமிழ்ப் பேசும் தலித் குடும்பங்கள் அங்கே கணிசமாக வாழ்ந்தன. கட்டுமானம் தரமற்றதால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தொகுதிகள் இடிந்து விழுந்தன. மக்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். தனியாரோடு கூட்டு ஒப்பந்தம் போடப்பட்டது. நிலத்தின் ஒரு பகுதியில் வணிக வளாகம் என்பது திட்டம். 2013 ஜனவரியில் கொட்டகைகள் இயந்திரங்களால் தகர்க்கப்பட்டன. பல குடும்பங்கள் சர்ஜாபுரச் சாலைக்கு அப்பால் தொலைவான இடங்களுக்குச் சென்றன. கோரமங்களா வீடுகளில் வேலை பார்த்த பெண்கள் வீட்டோடு வேலையையும் இழந்தனர்.

இதே வட்டாரத்தில், 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக வீரர்களுக்கென எழுப்பப்பட்ட நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் அடுக்ககங்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. போட்டி முடிந்ததும் அவை குடியிருப்புகளாக விற்கப்பட்டன. ஒரே பத்தாண்டில் அரசு சார்பில் எழுந்த இருவகைக் கட்டடங்கள்: ஒன்றில் வாழ்ந்தோர் உள்ளூர்க்காரர் ஆயினர், மற்றதில் வாழ்ந்தோர் ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கப்பட்டனர்.

பெங்களூர்த் தமிழருக்கு இச்சொற்களின் எடை புதிதன்று. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி எழுந்த வன்முறையில், தலைமுறைகளாக இங்கே வாழ்ந்தவர்களும் ஓரிரவில் வெளியாட்கள் ஆயினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்தோர் உள்ளூர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தோர் வெளியூர் என்று பிரிக்கும் கோட்டை வரலாறு வரைவதில்லை. நிலம், சாதி, எண்ணிக்கை, அதிகாரம் ஆகியவை சேர்ந்து வரைகின்றன.

தெரு வணிகருக்கு இக்கேள்வி அன்றாடம் எழுகிறது. 1989இல் சோதன் சிங் வழக்கில், தெருவில் வணிகம் செய்வது அரசமைப்பின் 19(1)(g) பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும், ஆயினும் அது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் வெளியேற்றலாகாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டு இடங்களை வணிகருக்கே ஒதுக்குகிறது. அச்சட்டத்தில் வரலாற்று மாணவர்கள் வியக்கத்தக்க ஒரு விதி உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரு வணிகர் கூடும் இயல்பான சந்தைகள் மரபுச் சந்தைகளாக அறிவிக்கப்பட வேண்டும்; அங்குள்ளோரை இடம்பெயர்க்கக் கூடாது.

ஐம்பது ஆண்டுகள்! உள்ளூர்த்தன்மை காலத்தால் விளைவது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த ஐம்பது ஆண்டுகளை யாருக்குத் தருகிறோம்? ஈஜிபுராக் குடியிருப்புக்கு முழுதாக இருபது ஆண்டுகள்கூடக் கிடைத்தன என்று சொல்வதற்கில்லை. 2017இல் தொடங்கி, 2019இல் முடிய வேண்டிய ஈஜிபுரா மேம்பாலம் ஆண்டுகள் பல கடந்தும் முடியாமல் தூண்களாக நின்றது. அத்தூண்களுக்கு இருந்த பொறுமைக் காலம், அவற்றின் நிழலில் நிற்கும் தள்ளுவண்டிக்கு இல்லை. வண்டியைத் தூக்கிச் செல்ல ஒரு வாகனமும் ஒரு பிற்பகலும் போதும்.

7. ஆய்வு மாணவர்களுக்கு

உணவு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தோற்றத்தைத் தேடுகிறோம்: எங்கே பிறந்தது, யார் முதலில் செய்தார். நான் இத்தெருமுனையில் கற்றது வேறு. தோற்றத்தைத் தேடினால் பன் காங்கிரஸும் ஹாட் டாக்கும் ஒன்றுபோல் வெளியாட்களே. தங்கியிருத்தலைத் தேடினால்தான் வேறுபாடு புலப்படும். யாருக்குக் கடை வாடகைக்குக் கிடைத்தது? யாருடைய பெயர்ப்பலகை ஐயத்தைப் போக்கியது? யாருடைய வண்டியை எத்தனை முறை தூக்கிச் சென்றனர்? எந்தப் பண்டம் வீட்டுக்குத் தெரியாமல் உண்ணப்பட்டது? இவற்றுக்கான விடைகளை ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடினால் போதாது. உரிமக் கட்டணச் சீட்டுகளும், வாடகை ஒப்பந்தங்களும், கடைமுன் நிற்போரின் நினைவுகளும் வேண்டும். அந்த நினைவுகளை உடையோர் இப்போதே ஈஜிபுராவை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வாய்மொழி வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் இவ்வட்டாரத்தைத் தேர்ந்தால் என்னாலான உதவியைச் செய்வேன்.

மாணவர்களின் வழக்குக்கு என் தீர்ப்பு இதுதான். பன் காங்கிரஸ் சுவையில் மேலானது; அத்தீர்ப்பில் மாற்றமில்லை. ஆனால் ஹாட் டாக் வண்டி நம்முடையதா என்ற கேள்விக்கு இன்று விடை கூற இயலாது. அது அங்கேயே நிற்க விடப்பட்டால், இன்னும் இருபது ஆண்டுகளில் இத்தெருப் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயரும் ஒரு கட்டுக்கதையும் வைத்திருப்பார்கள். வண்டிக்காரரின் தாயார் இப்போதே தொடங்கிவிட்டார். மயோனைஸுக்குப் பதிலாக மல்லாட்டைப் பொடி தூவிக் கொடுத்தால் என்ன என்று மகனைக் கேட்டாராம். சென்ற வாரம் முதல் அதுவும் கிடைக்கிறது.